மழைக்காலத்தில் டிகாக்‌ஷன் இறங்கவில்லையா?

மும்பையில் ஜூன் மழை பிடித்ததும் காபிப்பொடி நமுக்க ஆரம்பித்துவிடும். சிக்கரி ஈரத்தைச் சட்டென்று இழுக்கும். சிக்கரி கூடின பொடிதான் முதலில் கட்டி தட்டும். மாட்டுங்காவில் கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்களே என்று அரைக் கிலோவாக வாங்கி அடுக்காதீர்கள். மழை ஓயும்வரை 200 கிராம் போதும், சிக்கரி 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். காற்றுப் புகாத டப்பா, ஈரமில்லாத ஸ்பூன்.

ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் இரண்டு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி. குடையை, அதாவது காம்பு வைத்த துளைத்தட்டை, பொடிமேல் சும்மா வைத்தாலே போதும், அழுத்தினால் தண்ணீருக்கு வழி இருக்காது. கொதிநீர் 150 மில்லி: முதலில் பொடி நனையுமளவு, அரை நிமிடம் கழித்து மீதி.

இருபது நிமிடமாகியும் தண்ணீர் மேலேயே நின்றால் கரண்டியால் கிளறாதீர்கள், மண்டி கீழே இறங்கிவிடும். மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வையுங்கள். பெரும்பாலும் கீழே அடைபட்ட ஆவிதான் தடுக்கிறது. அது வெளியேறினால் சொட்டத் தொடங்கும்.

அப்போதும் அசையவில்லையா? துளைகள் அடைத்திருக்கின்றன. பாத்திரத்தைக் காலிசெய்து, கழுவித் துடைத்து, இடுக்கியால் பிடித்து அடிப்பக்கத்தை ஒரு நிமிடம் தீயில் காட்டுங்கள். துளையிலுள்ள பொடி கருகும். ஆறியபின் தட்டினால் உதிரும். எவர்சில்வருக்கு மட்டுமே இந்த வைத்தியம். பித்தளை ஃபில்டரைத் தீயில் காட்டினால் உள்ளே பூசிய வெள்ளீயம் உருகிவிடும், அதற்குக் குண்டூசிதான்.