சின்னப் பசங்க கிளாஸ்ல அடங்க மாட்டேங்குறாங்களா? நான் பண்றது இதுதான்

மும்பை தாராவியில தமிழ் மீடியம் ரெண்டாங்கிளாஸ் எடுக்குறேன், 11 வருஷமாச்சு. புதுசா வர்ற டீச்சருங்க மொதல்ல கேக்குறதே "எப்படிக்கா அடக்குறீங்க"ன்னுதான்.

அடக்குறத விடுங்க, சத்தம் எப்ப கிளம்புதுன்னு ஒரு வாரம் கவனிச்சு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. என் கிளாஸ்ல பாதி சத்தம் பாடம் நடக்குறப்ப வரவே வராது, புக்க மூடி நோட்ட எடுக்குற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் வரும், அதனால இப்பல்லாம் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே போர்டுல கணக்கு எழுதி வச்சிருவேன், நோட்டு குடுக்குற வேலைய ரொம்ப துறுதுறுன்னு இருக்குறவன் கையில குடுத்துருவேன்.

ஒரு பையன் இருந்தான், டெய்லி தமிழ் பீரியட்ல காம்பஸ் பாக்ஸால பெஞ்ச தட்டுவான், பக்கத்துல இருக்குறவள கிள்ளுவான், நானும் டெய்லி வெளிய நிக்க வச்சேன். நான் குறிச்சு வச்ச நோட்ட புரட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, ஒவ்வொரு தடவையும் அவன் வாசிக்குற முறை வர்றதுக்கு ரெண்டு மூணு பேருக்கு முன்னாடிதான் தட்ட ஆரம்பிக்குறான். எழுத்துக்கூட்டி வாசிக்க வராது, அது யாருக்கும் தெரியக்கூடாது, வெளிய போனா தப்பிச்சான். நான் தண்டனைன்னு நெனச்சு குடுத்தது அவனுக்கு தேவையா இருந்துருக்கு! அப்புறம் நாளைக்கு அவன் வாசிக்கப்போற ஒரே ஒரு வரிய முந்தின நாளே காட்டிருவேன், வீட்டுக்குப் போறதுக்குள்ள நாலு தடவ என்கிட்ட சொல்லிட்டுப் போவான். தட்டுறது மூணு வாரத்துல நின்னுச்சு.

கத்தாதீங்க, நாம ஏத்துனா அதுங்களும் ஏத்தும். கிட்டப் போயி பெஞ்சு உயரத்துக்குக் குனிஞ்சு அவனுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லுங்க, மத்த பசங்க முன்னாடி திட்டுனா அவன் மானத்தக் காப்பாத்திக்க இன்னும் ஆடுவான்.

அடிக்கவே அடிக்காதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு அடிக்குறதையும் மனசு நோகப் பண்றதையும் ரெண்டையுமே தடை பண்ணுது. "அந்தக் காலத்துல அடி வாங்கித்தான் படிச்சோம்"னு பெத்தவங்களே வந்து சொல்லுவாங்க, கேக்காதீங்க. அதே சட்டம் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர்னு சொல்லுது, 200 பிள்ளைக்கு மேல இருக்குற ஸ்கூல்னா 40 வரைக்கும் போகலாம், உங்க கிளாஸ்ல அதுக்கு மேல இருந்தா ஹெட்மாஸ்டர்கிட்ட எழுத்துல குடுங்க.

ஜூன் ஜூலை மழைல கிரவுண்டு கிடையாது, ஜன்னலயும் மூடிருப்போம், பத்தடிக்குப் பத்தடி கோலியில, அதான் ஒத்த ரூம் வீட்டுல இருந்து வர்ற பிள்ளைக்கு ஓடுறதுக்கு வேற எடமே இல்ல. அப்ப 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ எல்லாரையும் எழுப்பி கை தட்டி வாய்ப்பாடு சொல்ல வைங்க. காலைல தண்ணி புடிக்க எழுப்பி விட்ட பிள்ளைங்களும் இருக்கும், அதுங்க தூக்கக் கலக்கத்துல எரிஞ்சு விழும், கொஞ்ச நேரம் தலைய சாச்சுக்க விடுங்க.

அம்மாகிட்ட கேட்ல நின்னு புகார் சொல்லாதீங்க, வீட்டுக்குப் போனதும் அடி விழும், மறுநாள் அந்தக் கோவம் கிளாஸுக்குத்தான் வரும். பெஞ்ச தட்டுன அந்தப் பையனோட அம்மாகிட்ட நான் மொத தடவ பேசினப்ப "இன்னிக்கு ஒரு வரி முழுசா வாசிச்சான்"னு மட்டும்தான் சொன்னேன், அவங்க கூடையக் கீழ வச்சுட்டு "எந்த வரி டீச்சர்"னு கேட்டாங்க.