அமெச்சூர் ரக்பி லீக் கிளப் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு அமெச்சூர் ரக்பி லீக் கிளப் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரிய வேண்டுமா? சனிக்கிழமை மத்தியானம் 13 பேரோடு மைதானத்தில் இறங்க முடிகிறதா என்று பாருங்கள், அது போதும். நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி அடுத்த வாரமும் ஆட வரும். ஆள் சேராமல் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை ரத்து செய்த அணி மூன்றாவது வாரம் பயிற்சிக்கே வராது. வேலை முடித்துக் களைத்து வருகிறவனுக்கு சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டால், அப்புறம் எதைச் சொல்லியும் அவனை அந்தச் சேற்றில் இறக்க முடியாது. கிளப் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கடைசியில் வந்து முட்டுகிற இடம் இதுதான்.

நான் பேசுவது வட இங்கிலாந்தைப் பற்றி. கிழக்கே ஹல்லில் தொடங்கி காசில்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டன், லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்டு, ரோச்டேல், விகன், செயின்ட் ஹெலன்ஸ் என்று மேற்கே போகும் நகரங்கள், அப்புறம் வடமேற்கு மூலையில் கம்பிரியா கடற்கரை. இந்த ஊர்களில் ரக்பி லீக் கிளப் என்றால் குழந்தைகள் அணி, பெரியவர்கள் அணி, ஒரு கிளப் கட்டடம், அதில் ஒரு பார், எல்லாம் சேர்ந்தது. பிள்ளையைக் கொண்டுவிட வந்த அப்பாவையோ அம்மாவையோ அடுத்த வருடமே கமிட்டியில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த அழைப்பு வரலாம், அப்படி வந்தால் தயங்காமல் போங்கள், ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் எது எந்த ரக்பி என்பது. கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிகள் ஆடுவது, சென்னையில் ஆடப்படுவது, எல்லாம் ரக்பி யூனியன், ஓர் அணிக்கு 15 பேர். லீக் வேறு ஆட்டம். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன, தெற்கே இருந்தவர்கள் மறுத்தார்கள், 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்துபோயின. 1906-இல் ஆட்டக்காரர்கள் 13 ஆனார்கள், 1972-இல் ஆறு டாக்கிள் விதி வந்தது, அதாவது பந்து வைத்திருப்பவர் ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். யூனியன் ஆடிப் பழகியவர் லீக் பயிற்சி கொடுக்க வரும்போது நடக்கிற வழக்கமான தவறு, கீழே விழுந்த பந்துக்காகக் குவிந்து போராடச் சொல்லிக் கொடுப்பது. லீக்கில் பிடிபட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிடுவார், தடுத்த அணி பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். அந்தப் பத்து மீட்டரை ஆட்டம் முழுக்க ஓடி ஓடிப் பின்வாங்கி மறுபடி முன்னால் வருவதுதான் உடம்பைப் பிழிகிறது. பயிற்சியில் அதைச் செய்யாத அணி முதல் அரைமணி நேரம் நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகு வரிசையில் ஓட்டை விழும்.

சரி, அடுத்தது பெரிய தவறு. தகுதிக்கு மேற்பட்ட லீக்கில் போய் நிற்பது (இங்கே லீக் என்பது போட்டித் தொடர்). அமெச்சூர் ஆட்டத்தின் உச்சியில் தேசிய அளவிலான லீக் இருக்கிறது, பல பிரிவுகளோடு. அதற்குக் கீழே யார்க்‌ஷயருக்கு ஒன்று, வடமேற்குக்கு ஒன்று என்று வட்டார லீக்குகள். இரண்டு வருடம் தொடர்ந்து வட்டார லீக்கில் ஜெயித்தவுடன் மேலே போக வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். மேலே போவதன் விலை ஆட்டத் தரம் மட்டும் என்று நினைக்கிறார்கள், பயணத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. வைட்ஹேவனில் இருக்கும் கெல்ஸ் அணிக்கோ, கிளீட்டர் மூரின் வாத் பிரோ ஹார்னெட்ஸ் அணிக்கோ ஹல்லில் ஓர் ஆட்டம் என்றால் ஒரு வழிக்கே சுமார் 300 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் இரவுதான் வீடு. கம்பிரியாக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகியவர்கள், அவர்களுக்கு அதற்கேற்ற ஆள்பலம் இருக்கிறது, ஊரே பின்னால் நிற்கிறது. உங்கள் அணியில் சனிக்கிழமை காலை ஷிப்ட் பார்க்கும் நான்கு பேர் இருக்கிறார்கள் என்றால், அருகே நடக்கும் ஆட்டத்துக்கு அவர்கள் வேலையை முடித்துவிட்டு ஓடி வருவார்கள், தூரத்து ஆட்டத்துக்கு அந்த நான்கு பேரும் இல்லை. பஸ் வாடகை தனி. சொந்த ஊரில் 20 பேர் கொண்ட அணி வெளியூரில் 14 பேராகச் சுருங்குவது இப்படித்தான். மேலே போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: போன பருவத்தில் நீங்கள் வெளியூரில் ஆடிய ஆட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள்? அதில் மிக மோசமான நாளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை எடுக்காதீர்கள்.

வட்டார லீக்கில் ஆடுவது கேவலம் என்று நினைக்கவே வேண்டாம். ஹல்லைச் சேர்ந்த கவூட்ஸ் என்ற அமெச்சூர் அணி 1977-இல் ஹாலிஃபாக்ஸ் தொழில்முறை அணியையே ஒரு கோப்பை ஆட்டத்தில் தோற்கடித்தது. கனடாவிலிருந்து பணபலத்தோடு வந்த டொரன்டோ வுல்ஃப்பேக் தன் முதல் போட்டி ஆட்டத்தை 2017 பிப்ரவரியில் ஆடியது எங்கே தெரியுமா, ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்தில் சிடல் அணியின் மைதானத்தில், சேலஞ்ச் கோப்பைக்காக. டொரன்டோ 14-6 என்று ஜெயித்தது, ஆனால் முழுநேர ஆட்டக்காரர்களை வைத்திருந்த அணியை சிடல் எவ்வளவு திணற வைத்தது என்பது அந்த ஸ்கோரிலேயே தெரிகிறது. அப்படி ஒரு அணி திடீரென்று முளைப்பதில்லை.

எப்படி முளைக்கிறது என்றால் குழந்தைகள் அணியிலிருந்து. தொழில்முறை அணியான லீட்ஸ் ரைனோஸின் ராப் பரோ ஃபெதர்ஸ்டன் லயன்ஸில் ஆடி வளர்ந்தவர், கெவின் சின்ஃபீல்டு ஓல்டம் பக்கம் வாட்டர்ஹெட்டில், ஆண்டி ஃபாரெல் விகன் பக்கம் ஆரல் செயின்ட் ஜேம்ஸில். எந்தப் பெரிய பெயரை எடுத்தாலும் பின்னால் இப்படி ஓர் ஊர்க் கிளப் இருக்கும். பெரியவர்கள் அணியை மட்டும் வைத்து, வேறு கிளப்புகளிலிருந்து நாலு நல்ல ஆட்டக்காரர்களை இழுத்து ஒரு பருவம் ஓட்டுகிற கிளப் எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் வந்தவர்கள் வந்த மாதிரியே போவார்கள். ஆனால் குழந்தைகள் அணி இருந்தால் மட்டும் போதும் என்பதும் தவறான கணக்கு. எட்டு வயதில் கிளப் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். பதினாறில் என்ன ஆகிறது? திறமை மிக்க இரண்டு மூன்று பேரை தொழில்முறை கிளப்புகள் தங்கள் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். தேர்வாகாதவன் மனம் உடைந்து ஆட்டத்தையே விடுவான், இன்னொருவன் பகுதிநேர வேலைக்குப் போவான், இன்னொருவன் படிப்புக்காக வேறு ஊர் போவான். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே அந்த அணி கரைந்துவிடுகிறது, அதனால் மேலே ஓப்பன் ஏஜ் எனப்படும் பெரியவர்கள் அணிக்கு யாரும் வந்து சேர்வதில்லை. இந்த வயதுப் பையன்களுக்குத்தான் கிளப்பின் சிறந்த பயிற்சியாளரைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் தலைகீழாகச் செய்கின்றன, நல்ல பயிற்சியாளர் முதல் அணிக்கு, ஆர்வமாகக் கை தூக்கிய ஏதோ ஓர் அப்பா பதினேழு வயதுக்காரர்களுக்கு. தேர்வாகாமல் திரும்பி வருகிற பையனுக்கு அந்த வாரமே யாராவது போன் செய்து பேச வேண்டும், இதற்குப் பணம் செலவில்லை, ஒருவர் பொறுப்பேற்றால் போதும். இரண்டாவது அணியைக் கலைத்துவிடுவதும் இதே ரகம். பதினெட்டு வயதுப் பையனை நேராக முப்பது வயது முன்வரிசை ஆட்டக்காரர்களோடு மோத விடாமல் பழக்குகிற இடம் அது.

வயதானவர்களையும் விட்டுவிடாதீர்கள். 35-ஐத் தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் ஆட்டம் இருக்கிறது, காற்சட்டை நிறத்தைப் பார்த்தே அவரை எவ்வளவு பலமாகத் தடுக்கலாம் என்று எதிரணி தெரிந்துகொள்ளும். அவர்கள் கிளப்போடு ஒட்டியிருந்தால் கோடு போட, வாயில் பார்க்க, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக ஆள் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்வது இன்னொரு தவறு. லீக்கோடு பேசுகிறவர், பதிவு பார்க்கிறவர், ஜெர்சி துவைக்கிறவர், கணக்கு எழுதுகிறவர், எல்லாம் ஒருவரே. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் கிளப் நின்றுவிடும். 1997-இல் தொடங்கி 2011 வரை நடந்த ரக்பி லீக் கான்ஃபரன்ஸ் தெற்கிலும் மிட்லண்ட்ஸிலும் வேல்ஸிலும் நிறையப் புதுக் கிளப்புகளைக் கொண்டுவந்தது, யூனியன்காரர்கள் ஓய்வாக இருக்கும் கோடையில் ஆடியதால் ஆளும் கிடைத்தது. அவற்றில் பல இன்று இல்லை. ஓர் ஆர்வலரின் தோளிலேயே நின்றதும், ஆட்டக்காரர்கள் கடனாக வந்தவர்களாக இருந்ததும்தான் முக்கியக் காரணங்கள் என்பது என் கணிப்பு. பணத்திலும் ஒரு வார்த்தை: ஆட்டக்காரர்களுக்கு உறையில் காசு கொடுக்கத் தொடங்காதீர்கள். சந்தா, பார் வருமானம், ராஃபிள் டிக்கெட், பலகை விளம்பரம் என்று சேர்கிற பணம் பந்துக்கும் பஸ்ஸுக்கும் மைதான வாடகைக்குமே இழுத்துப்பிடித்துத்தான் போதும். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா ஆட மாட்டார்கள்.

பதிவு செய்யாதவரை இன்னொருவர் பெயரில் ஆட வைப்பது, ரிங்கர் என்பார்கள், அமெச்சூர் லீக்குகளில் பழைய நோய். ஆள் குறைகிற அன்று "ஒரு ஆட்டம்தானே" என்று தோன்றும். பிடிபட்டால் புள்ளி போகும் என்பதை விட்டுவிடுங்கள், அந்த ஆள் கழுத்தில் அடிபட்டுக் கிடந்தால் ஆட்ட அட்டையில் அவர் பெயரே இல்லை, காப்பீடும் இல்லை, ஆம்புலன்ஸ்காரரிடம் எந்தப் பெயரைச் சொல்வீர்கள்? 12 பேரோடு ஆடித் தோற்றுவிட்டு வாருங்கள்.

தலையில் அடிபடுவதைப் பற்றி விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனமில்லை. "எத்தனை விரல்?" என்று கேட்டுவிட்டு உள்ளே அனுப்புகிற காலம் போய்விட்டது, போயிருக்க வேண்டும். பிரிட்டனில் அடிமட்ட விளையாட்டுகளுக்காக 2023-இல் வந்த வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் இருந்தாலே வெளியே, அன்று திரும்ப இறங்கக் கூடாது. முதல் 24 மணி நேரம் தனியாக விடக் கூடாது, வண்டி ஓட்ட விடக் கூடாது, அதற்குள் 111 என்ற மருத்துவ உதவித் தொலைபேசி எண்ணை அழைத்தோ மருத்துவரிடமோ காட்ட வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே தலையில் அடிபடக்கூடிய பயிற்சி, போட்டி ஆட்டம் 21-ஆம் நாளுக்கு முன் கிடையாது. இதில் தவறு எங்கே நடக்கிறது என்றால், முடிவெடுக்கிற அதிகாரம் பயிற்சியாளரிடம் இருக்கிறது. ஆறு புள்ளி பின்னால் நிற்கும்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆளைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பில் இல்லாத முதலுதவிக்காரர் வெளியே என்றால் வெளியே, அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை அடிபட்டதை ஞாயிற்றுக்கிழமை வேறு அணியில் ஆடும்போது மறைக்கிறவர்களும் உண்டு, இரண்டு அணிகளில் ஆடுகிறவர் யார் யார் என்று கிளப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடுவரைத் திட்டுவது. கோட்டுக்கு வெளியே நின்று பெற்றோர் கத்துவதைக் கேட்டு விசிலையே கீழே வைத்துவிட்டுப் போன இளம் நடுவர்கள் எத்தனையோ. நடுவர் கிடைக்காவிட்டால் உங்கள் 13 பேரும் வந்தும் பயனில்லை. கத்துகிறவர் கிளப்பின் பெரிய ஸ்பான்சராக இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சின்ன வயதுப் பிரிவுகளில் லீக் பட்டியலே இல்லை, இருந்தும் ஏழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஸ்கோர் எண்ணி நடுவரோடு சண்டைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, ஆள் சேரவே இல்லை என்ற நிலை எல்லாக் கிளப்புக்கும் ஒருநாள் வரும். அதைச் சனிக்கிழமை காலைவரை மறைத்து வைக்காதீர்கள். எதிரணி பஸ்ஸுக்குப் பணம் கட்டியிருக்கும், ஆட்டம் அவர்கள் ஊரில் என்றால் மைதானத்துக்குக் கோடு போட்டு, ஆட்டம் முடிந்து இரண்டு அணிக்கும் கொடுக்கச் சாப்பாடு தயார் செய்திருக்கும், நடுவர் வேறு ஆட்டத்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பார். வியாழக்கிழமை இரவுப் பயிற்சி முடிந்ததும் தலையை எண்ணுங்கள். பதினொன்றுதான் என்றால் அன்று இரவே எதிரணிச் செயலாளருக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள், வாட்ஸ்அப் செய்தி போட்டுவிட்டு ஒளியாதீர்கள். அப்புறம் லீக்குக்கும் நடுவருக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் கேட்டால் வேறு தேதிக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் போன மாதம் அவர்களுக்கும் பதினொன்றுதான் இருந்திருக்கும்.