ராஜபாளையம், சிப்பிப்பாறை குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் தாய் நாயைப் பாருங்கள்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த ராஜபாளையம் குட்டிக்கு முத்து என்று பெயர் வைத்தோம். போனில் வந்த நான்கு படங்களைப் பார்த்துப் பணத்தை அனுப்பினேன். பேருந்து நிலையத்தில் ஒருவர் அட்டைப் பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டுப் போனார். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, நல்ல துறுதுறுப்பு. வந்த பத்தாம் நாள் அம்மாதான் கவனித்தார். அடுப்படி வாசலில் முத்து படுத்துத் தூங்குகிறான். குக்கர் அடுத்தடுத்து நான்கு விசில் அடிக்கிறது. அவன் காதுமடல்கூட அசையவில்லை.

கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்து, இரண்டு காதும் கேட்காது என்றார். கூப்பிட்டால் வருவதில்லை என்று அந்தப் பத்து நாளும் நான் அவனைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்பதில்லை. கை ஜாடையிலேயே எல்லாம் கற்றுக்கொண்டு பதினோரு வருடம் எங்களோடு இருந்தான். அவனை வாங்கிய விதம்தான் தவறு. முதல் தடவை நாய் வாங்குபவர்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காக, இப்போது நான் எப்படிக் குட்டி தேர்ந்தெடுக்கிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். நம் ஊர் நாய்களை வைத்துச் சொல்கிறேன். லாப்ரடாரோ வேறு எதுவோ வாங்கினாலும் முக்கால்வாசி இதேதான்.

படி 1: எந்த நாய் என்று முடிவு செய்யுங்கள்

ராஜபாளையம் காவல் நாய். வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும், வெளியாட்களை எளிதில் சேர்த்துக்கொள்ளாது. விருந்தாளிகள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் வீடு என்றால் சின்ன வயதிலிருந்தே நிறையப் பழக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னி என்ற இன்னொரு நாட்டு இனமும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. பூனை குறுக்கே போனால் கூப்பிட்ட குரல் காதில் ஏறாது. தினமும் ஓடவிட இடமோ நேரமோ இல்லாதவர்கள் அவற்றை அடுக்குமாடி வீட்டுக்குள் அடைக்க வேண்டாம். தேனிப் பக்கத்துக் கோம்பை கட்டுமஸ்தான, முரட்டுத் துணிச்சல் உள்ள நாய். முதல் நாயாக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று. வளர்ந்த சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. அதைப் பார்த்து, பட்டினி போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் குட்டி அப்படி இருக்கக் கூடாது. குட்டி கொழுகொழுவென்றுதான் இருக்க வேண்டும்.

படி 2: ஆளைத் தேடுங்கள், குட்டியை அல்ல

'குட்டி விற்பனைக்கு' என்று படம் போடுபவர்களிடம் தொடங்காதீர்கள். உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் போய், 'எந்த பிரீடரின் குட்டிகள் உங்களிடம் நோயில்லாமல் வருகின்றன?' என்று கேளுங்கள். பிரீடர் என்றால் நாய்களை இணை சேர்த்துக் குட்டிகளை விற்பவர். யார் வீட்டு நாய்க்குப் பால் ஊறியது, யார் வீட்டுக் குட்டிக்குக் கழிச்சல் வந்தது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாய்க் கண்காட்சி நடந்தால் ஒரு நாள் போய்ச் சுற்றிப் பாருங்கள். அங்கே குட்டி வாங்க வேண்டாம், பேச்சுக் கொடுத்தால் போதும். மூன்று வயது, நான்கு வயது நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் அது எங்கே வாங்கியது என்று விசாரியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாதம் ஆன பிறகுதான் இணை சேர்க்கலாம், 8 வயதுக்கு மேல் சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் மொத்தமே ஐந்து ஈத்துதான். இந்த நான்கைந்து விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசினாலே எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று பிடிபட்டுவிடும்.

படி 3: போனில் பேசுங்கள்

தாய்க்கு வயது என்ன, இது எத்தனையாவது ஈத்து, போன ஈத்து எப்போது, தகப்பன் நாய் யாருடையது, இந்த ஈத்தில் எத்தனை பிறந்து எத்தனை தங்கின என்று கேளுங்கள். குட்டிகள் ஒன்றிரண்டு தவறுவது எங்கேயும் நடக்கும். அதை மறைக்காமல் சொல்பவர் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

தகப்பனும் தாயும் சொந்தமா என்று கட்டாயம் கேட்டுவிடுங்கள். நாட்டு இனங்களில் நல்ல நாய்களே குறைவு என்பதால், ஒரே வீட்டில் அண்ணன் தங்கையைச் சேர்த்துவிடுகிறார்கள். நோஞ்சான் குட்டிகளும் பிறவிக் கோளாறுகளும் அதனால் அதிகமாகின்றன. அக்கறை உள்ளவர் பெட்டையை வண்டியில் ஏற்றி வேறு ஊர் ஆண் நாயிடம் கொண்டுபோய் வருவார். அதனால் தகப்பன் நாய் அங்கே இல்லாமல் இருப்பது குறை இல்லை.

அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். கோவில்பட்டிப் பக்கம் ஓர் அண்ணாச்சி என்னிடம் அரை மணி நேரம் விசாரித்தார். 'காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம் தம்பி? பகல்ல வீட்ல யாரு இருப்பா? இதுக்கு முன்னால வளத்த நாய் எப்படிச் செத்துச்சு?' கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. எல்லாம் கேட்டுவிட்டு, 'நேர்ல வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்' என்றார். குட்டி தருவதாக அப்போதும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அவரிடம்தான் அடுத்த குட்டியை வாங்கினேன். 'அட்வான்ஸ் போடுங்க சார், ரெண்டே குட்டிதான் பாக்கி' என்று அவசரப்படுத்துபவரிடம் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

படி 4: நேரில் போங்கள்

காலையில் தீனி வைக்கும் நேரத்துக்குப் போவது நல்லது. ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குப் போகாதீர்கள். குட்டிகளுக்கு உயிரைக் குடிக்கும் கழிச்சலைத் தரும் பார்வோ வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 'செருப்பை வெளியே விடுங்க, கையைக் கழுவுங்க' என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள். விஷயம் தெரிந்த ஆள்.

முதலில் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். 'அது தோட்டத்துல இருக்கு', 'ஊருக்கு அனுப்பிட்டோம்' என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வேறு ஏதோ ஒரு பெட்டையைக் காட்டி இதுதான் தாய் என்று சொல்பவர்களும் உண்டு. அடிவயிற்றைப் பாருங்கள். பால் கொடுத்த நாய்க்கு முலைகள் தொங்கியிருக்கும், காம்பைச் சுற்றி முடி தேய்ந்திருக்கும், குட்டிகளின் நகம் பட்ட கீறல் இருக்கும். குட்டிகளை அருகில் விட்டால் நேராக முலைக்குத்தான் பாயும். எட்டு வாரக் குட்டிகள் கடிக்கும் என்பதால் தாய் உறுமித் தள்ளிவிடலாம். அது சகஜம்.

தாய் கொஞ்சம் மெலிந்திருப்பாள். கண்ணில் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர் கையை நீட்டும்போது வாலை ஆட்டுகிறாளா, பதுங்குகிறாளா? ராஜபாளையம் உங்களைப் பார்த்துக் குரைக்கும், அது அதன் வேலை. ஆனால் சொந்தக்காரர் சொன்ன பிறகும் நடுங்கிக்கொண்டே இருந்தால் யோசியுங்கள். பயந்த சுபாவமுள்ள தாயிடம் குட்டிகளும் அதைக் கற்றுக்கொள்கின்றன.

அழுக்கும் நாற்றமுமாக, சங்கிலி போட்ட நாய்களோடு ஓர் இடத்தைப் பார்த்தால், 'பாவம், இந்த ஒரு குட்டியையாவது காப்பாற்றுவோம்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. நாம் கொடுக்கும் அந்தப் பணத்தில்தான் அந்தத் தாய்க்கு அடுத்த ஈத்து நடக்கும். வாங்காமல் வந்து, விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள்.

படி 5: குட்டியைக் கையில் எடுங்கள்

இரண்டு கையாலும் தூக்குங்கள். பார்வைக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரிய வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறிக் கிடந்தால் உண்ணியோ கொக்கிப்புழுவோ ரத்தத்தைக் குடித்திருக்கும். அப்படியே பல்லையும் பார்த்துவிடுங்கள். எட்டு வாரத்தில் பால் பற்கள் 28-ம் வந்திருக்கும். முன்பற்கள் மட்டும் எட்டிப் பார்த்தால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று ஒரு பார்வை.

உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல இருந்தால் பூச்சி. தொப்புளில் கோலிக்குண்டு போலப் புடைப்பு தட்டுப்பட்டால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் பயமில்லை, மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள், கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கக் கூடாது. கண்ணில் பூளை, மூக்கில் சளி, காதுக்குள் கெட்ட வாடை, தோலில் முடி கொட்டிய வட்டங்கள் எதுவும் கூடாது. ராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பாக இருப்பது நோய் இல்லை, அந்த இனத்தின் அடையாளமே அதுதான். அப்புறம் கீழே விட்டு, நடப்பதையும் ஓடுவதையும் பாருங்கள்.

மூலையில் ஒண்டி உட்கார்ந்திருக்கும் குட்டியும் வேண்டாம், எல்லாக் குட்டிகளையும் புரட்டிப் போட்டுக் கடிக்கும் குட்டியும் முதல் தடவைக்காரருக்கு வேண்டாம். வந்து மோந்து பார்த்து, கொஞ்சம் விளையாடி, தன் வேலையைப் பார்க்கப் போகும் நடுத்தரமான குட்டிதான் வீட்டுக்கு ஏற்றது.

படி 6: காது கேட்கிறதா?

வெள்ளை நாய் வாங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. காது வேலை செய்ய அவை தேவை. முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சிலவற்றுக்கு உள்காதில் அந்தச் செல்களே இருப்பதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடுகின்றன. மருந்து கிடையாது. வாங்குபவர்கள் அப்பழுக்கில்லாத வெள்ளைதான் வேண்டும் என்று கேட்கக் கேட்க, புள்ளி விழுந்த குட்டிகளை ஒதுக்கிவிட்டு வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துவந்தார்கள். உங்கள் குட்டியின் காதிலோ முதுகிலோ லேசாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் குறையாக நினைக்காதீர்கள்.

கூட்டமாக இருக்கும்போது சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். மற்ற குட்டிகள் திரும்பினால் காது கேட்காத குட்டியும் சேர்ந்து திரும்பும், தீனித் தட்டு வந்தால் சேர்ந்து ஓடும். முத்துவின் குறையும் அப்படித்தான் மறைந்திருக்க வேண்டும். குட்டியைத் தனியாக வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். அது எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது, கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்ட வேண்டாம், காற்று அசைவது அதற்குத் தெரியும். தரையைத் தட்டவும் வேண்டாம், அதிர்வு காலில் ஏறும். இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால் என்று இடம் மாற்றி, நடுவில் இரண்டு நிமிடம் விட்டு, நான்கைந்து தடவை செய்யுங்கள். குட்டி அசந்து தூங்கும்போது சத்தம் கேட்டு எழுகிறதா என்று பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம். ஒலி கேட்கும்போது காதிலிருந்து மூளைக்குப் போகும் மின் சைகைகளைக் கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். ஒரு காது கேட்கும் நாய் சுகமாக வாழும், ஆனால் அதை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. 'போன ஈத்தில் காது கேட்காத குட்டி பிறந்ததா?' என்று பிரீடரை நேராகக் கேளுங்கள்.

படி 7: காகிதங்கள்

தடுப்பூசி அட்டையில் 'ஊசி போட்டாச்சு' என்று பேனாவில் எழுதியிருந்தால் போதாது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், தேதி, மருத்துவர் கையெழுத்து, அவருடைய பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். எட்டு வாரக் குட்டிக்கு முதல் கூட்டுத் தடுப்பூசியும் இரண்டு மூன்று தடவை பூச்சி மருந்தும் ஆகியிருக்கும். 'எல்லா ஊசியும் முடிஞ்சது' என்றால் நம்பாதீர்கள். கூட்டுத் தடுப்பூசி 16 வாரம் வரை தவணையாகப் போடுவது, வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் வருவது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருந்தால் பெற்றோர் யார் என்பது பதிவில் இருக்கும். அது வம்சாவளிக்கான தாள், உடல்நலச் சான்று கிடையாது. அடையாளத்துக்காக நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் எண் 15 இலக்கம். அதைக் காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்ல மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர் பரிசோதனையில் பெரிய குறை தெரிந்தால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக பிரீடரிடம் எழுதி வாங்குங்கள். நல்லவர்கள் இதற்குச் சங்கடப்பட மாட்டார்கள்.

படி 8: கூட்டி வரும் நாள்

ஒரு வாரம் முன்பே ஒரு பழைய துண்டைக் கொடுத்து, தாயும் குட்டிகளும் படுக்கும் இடத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். வரும்போது அதையும், அவர்கள் கொடுக்கும் தீனியில் ஒரு வாரத்துக்கு ஆனதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ராகிக் கூழும் முட்டையும் தின்ற குட்டிக்கு அன்றைக்கே வேறு தீனியை மாற்றினால் கழிச்சல் பிடிக்கும், அது பார்வோவா தீனிக் கோளாறா என்று தெரியாமல் நீங்கள் தவித்துப்போவீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள்.

முதல் இரவு அழும். அண்ணாச்சி வீட்டுக் குட்டியும் அழுதது. அந்தத் துண்டைச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்து, நானும் தரையில் பாய் விரித்துப் படுத்தேன். துண்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. காலையில் குக்கர் விசில் அடித்ததும் திடுக்கிட்டு எழுந்து அடுப்படியைப் பார்த்துக் குரைத்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்து, 'கேக்குதுடா!' என்றார்.