மூன்று மாலை, மூன்று படம், ஒரு சங்கம்: திரையிடல் நடத்துபவர்களுக்கு

எங்கள் ஊரில் படம் போடக் கிடைக்கும் ஒரே இடம் வங்கி ஊழியர் சங்கக் கட்டடத்தின் மாடி. "சோவியத் திரைக்கலைஞர் சங்கத்தின் கதை" என்று நோட்டீஸ் ஒட்டியதும், கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர் கேட்டார்: "அவங்களுக்கு போனஸ் எத்தனை பர்சென்ட் சார்?"

உங்கள் ஊரிலும் இந்தக் கேள்வி வரும். அதனால் முதல் மாலையில் படத்துக்கு முன் ஐந்தே நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். அது நம்ம தமிழ்த் திரைத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி மாதிரி சம்பளமும் பேட்டாவும் பேசித் தீர்க்கும் தொழிற்சங்கம் இல்லை. 1957ல் இயக்குநர் இவான் பிரியேவ் தலைமையில் ஓர் அமைப்புக் குழுவாகத் தொடங்கி, 1965ல் முதல் மாநாடு கூட்டிய படைப்பாளர் சங்கம். உறுப்பினரானால் மாஸ்கோவின் சினிமா இல்லத்தில் வெளியே காட்டாத படங்களைப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே ஓய்வில்லத்தில் தங்கித் திரைக்கதை எழுதலாம். ஆனால் எந்தப் படம் எடுக்கலாம், எது வெளிவரலாம் என்று முடிவு செய்தது கோஸ்கினோ என்ற அரசுத் துறை. சங்கத்துக்குக் கட்டடம் இருந்தது, கத்தரிக்கோல் வேறு கையில் இருந்தது. இதற்கு மேல் முதல் நாள் பேசாதீர்கள். நான் ஒருமுறை நாற்பது நிமிடம் பேசினேன்; முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கியேவிட்டார்கள்.

மூன்றும் ஆண்டுக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்ட படங்கள். எடுத்த ஆண்டு வரிசையில் போடத் தோன்றும். வேண்டாம். முதலில் அலெக்ஸி கெர்மனின் 'சாலையில் சோதனை'. ஜெர்மானியர் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து சரணடையும் ஒரு வீரனை நம்பலாமா என்பதுதான் கதை. 1971ல் எடுத்தது, 1986ல்தான் வெளியானது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பழக்கமில்லாத கூட்டத்துக்கு இந்த நீளம்தான் சரி. கொரில்லாப் படைத் தலைவராக வரும் ரோலன் பிக்கோவின் முகத்தைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் தேவைப்படும்.

இரண்டாம் நாள் கீரா முராத்தோவாவின் 'நீண்ட விடைபெறல்கள்'. இதுவும் 1971. ஒரு தாய், அப்பாவிடம் போய்விட நினைக்கும் மகன், அவ்வளவுதான். போர் இல்லை, கட்சி இல்லை. "இதைப் போய் ஏன் தடுத்தாங்க?" என்று யாராவது கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டதும் மாநாட்டுக் கதையைச் சொல்லுங்கள். அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

1986 மே மாதம், செர்னோபில் வெடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கிரெம்ளினில் சங்கத்தின் ஐந்தாவது மாநாடு. 1965லிருந்து தலைமையில் இருந்த லெவ் குலிஜானோவ் போகிறார். இயக்குநர் எலெம் கிளிமோவ் வருகிறார். செல்வாக்கான பெரியவர்கள் பலர் பேராளர்களாகக்கூடத் தேர்வாகவில்லை. 'போரும் அமைதியும்' எடுத்த செர்கேய் பொந்தார்ச்சுக்குக்கே அந்த நிலை. அவருக்காக எழுந்து பேசியவர் இயக்குநர் நிகிதா மிகல்கோவ். கிளிமோவுக்கும் பழைய காயம் உண்டு: அவர் 1975ல் முடித்த ரஸ்புதின் படம் சோவியத் திரையரங்குகளுக்கு வர 1985 ஆனது. புதிய தலைமை, விமர்சகர் ஆந்திரேய் பிளாகோவ் தலைமையில் ஒரு குழு அமைத்து, அலமாரியில் பூட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தது. முராத்தோவாவின் படம் அப்படித்தான் வெளியே வந்தது.

இங்கே கைதட்டு விழும். விழட்டும். மூன்றாம் நாள் படம் அதைக் கொஞ்சம் அடக்கும்.

அது அலெக்சாந்தர் அஸ்கோல்டோவ் 1967ல் எடுத்த 'கமிஸார்'. கர்ப்பமான செம்படை அதிகாரி ஒருத்தி, தகர வேலை செய்யும் ஏழை யூதர் வீட்டில் தங்குகிறாள். அந்த யூதர் முதல் நாள் பார்த்த பிக்கோவ்தான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும். அலமாரிகள் திறந்த பிறகும் இந்தப் படம் மட்டும் உள்ளேயே கிடந்தது. 1987 மாஸ்கோ திரைப்பட விழாவில் அஸ்கோல்டோவ் தானே எழுந்து தன் படத்தைப் பற்றிக் கேட்ட பிறகுதான் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பெர்லினில் வெள்ளிக் கரடி. அவர் வேறு கதைப்படம் எடுக்கவே இல்லை. சீர்திருத்தச் சங்கத்துக்கும் தனக்கென ஒரு பூட்டு இருந்தது என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் மறுத்துப் பேச ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

அதேபோல முடங்கிக் கிடந்து வெளிவந்த, ஜார்ஜிய இயக்குநர் அபுலாத்ஸேயின் 'பச்சாதாபம்' (Repentance) ஏன் இல்லை என்று கேட்பார்கள். அருமையான படம், ஆனால் இரண்டரை மணி நேரம். எங்கள் நாற்காலிகள் பிளாஸ்டிக்.

தமிழ்க் கதைச்சுருக்கம் ஒரு பக்கம் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வசன வரிகள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். அந்த வரிகளை முந்தின நாளே, அதே கணினியில், கடைசிக் காட்சி வரை ஓட்டிப் பாருங்கள். நான் முதல் பத்து நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு விட்டேன். பாதிப் படத்துக்கு மேல் வரிகள் பதினைந்து நொடி பின்தங்கி, அழுகிற காட்சியில் முந்தின காட்சியின் அரட்டை ஓடியது. படம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் பொதுவில் திரையிட அனுமதி இருப்பதும் வேறு வேறு. உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

கேள்வி நேரத்தில் "இப்ப அந்தச் சங்கம்?" என்பார்கள். 2008 டிசம்பரில் ரஷ்யச் சங்கம் இயக்குநர் மார்லன் குத்சியேவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, அதுவரை தலைவராக இருந்த மிகல்கோவ் ஏற்கவில்லை, வழக்கு, 2009 மார்ச்சில் மறுபடி மிகல்கோவ். சங்க அரசியல் தெரிந்தவர்களுக்கு இது போதும், அவர்களே தொடர்வார்கள். எங்கள் காசாளர் அரை மணி நேரம் பேசினார். ஆகவே மூன்றாம் நாள் ஆறு மணிக்கே தொடங்குங்கள், கடைசிப் பேருந்து ஒன்பதே முக்காலுக்கு.