டமார்னு ஒரு குலுக்கு குலுக்குனா என்ன செய்யணும், டெல்லி பக்கம் இருக்கறவங்களுக்கு

2025 பிப்ரவரி 17 காலைல 5:36க்கு டெல்லில வந்துச்சே நிலநடுக்கம், அளவு 4 தான், ஆனா தௌலா குவான் பக்கத்துலயே, வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்துல. நாங்க ஆர்.கே.புரத்துல மூணாவது மாடி. லாரி வந்து பில்டிங்ல முட்டுன மாதிரி சத்தம், கட்டில் ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு, கிச்சன்ல கவுத்து வச்ச டம்ளரெல்லாம் கலகலன்னு உருண்டுச்சு, அவ்ளோதான், நின்னுடுச்சு. நொய்டா, குர்கான், காஜியாபாத்னு எல்லா ஊர்லயும் ஜனம் ரோட்டுக்கு வந்துட்டாங்க.

ஆழம் கம்மியா, பக்கத்துலயே வந்தா இப்படித்தான், சத்தத்தோட ஒரே வெட்டு. 2023 நவம்பர்ல நேபாளத்துல வந்தப்போ இங்க ஃபேன் ஊஞ்சல் மாதிரி மெதுவா ஆடுச்சு, அது வேற தினுசு. சத்தத்த வச்சு பெருசுன்னு நினைச்சுடாதீங்க, அளவு ஒண்ணு கூடுனா சக்தி கிட்டத்தட்ட 32 மடங்கு கூடும், அப்போ 4க்கும் 6க்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

அதனால முதல்ல, ஓடாதீங்க. நீங்க மாடிப்படிய தொடறதுக்குள்ள அது முடிஞ்சிருக்கும், இருட்டுல குழந்தைய தூக்கிட்டு படில உருண்டா அடிபடறது அதுலதான். கட்டில்ல இருந்தா குப்புறப்படுத்து தலகாணிய தலைக்கு மேல வச்சுக்கோங்க. முழிச்சிருந்தா ஸ்ட்ராங்கான டேபிளுக்கு அடில போயி அதோட கால கெட்டியா பிடிச்சுக்கணும். பால்கனி வேண்டாம், லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

நின்னதும் செருப்ப மாட்டிட்டு (கண்ணாடி கிடக்கும்) நேரா கிச்சனுக்கு போயி சிலிண்டர் ரெகுலேட்டர ஆஃப் பண்ணுங்க. கேஸ் வாடை வந்தா லைட் சுவிட்ச தொடாம ஜன்னல தொறந்துட்டு வெளிய வந்துடுங்க.

வெளிச்சம் வந்தப்புறம் சுவர பாருங்க, இதத்தான் யாரும் செய்யறதில்ல. பூச்சுல முடி மாதிரி கோடு இருந்தா பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல. கோட்டோட ரெண்டு முனைலயும் பென்சில்ல குறுக்க ஒரு கீறு போட்டு பக்கத்துல தேதி எழுதி வைங்க, ஒரு வாரம் கழிச்சு கோடு கீற தாண்டி போயிருக்கான்னு பாருங்க. எங்க வீட்டு ஜன்னல் மூலைல போட்ட "17/2" இன்னும் இருக்கு, கோடு அத தாண்டல. ஆனா ஜன்னல் மூலைலேர்ந்து சாய்வா ஓடுற வெடிப்பு, நாணயம் நுழையற அளவு இடைவெளி, தூணும் பீமும் சேர்ற இடத்துல வெடிப்பு, காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியறது, நேத்து வரைக்கும் சரியா மூடுன கதவு இன்னிக்கு இடிக்கறது, இதுல எது இருந்தாலும் கொத்தனார கூப்பிட்டு பூசி மறைக்காதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர (கட்டடத்தோட பலத்த பாத்து சொல்றவர்) கூப்பிட்டு காட்டுங்க. மொட்டமாடி தண்ணி டேங்க், பாரப்பெட்டு சுவர் ரெண்டையும் கூடவே பாத்துடுங்க.

மறுபடியும் சின்னதா ஆடலாம். 2025 ஜூலை 10 காலைல ஹரியானால ஜஜ்ஜர் பக்கம் 4.4 வந்துச்சு, மறுநாள் சாயங்காலமே 3.7 ஒண்ணு. ஆனா "இன்னிக்கு ராத்திரி 2 மணிக்கு பெருசா வரும்"னு வர்ற வாட்ஸாப் ஃபார்வர்ட நம்பாதீங்க, நேரம் சொல்லி கணிக்க யாராலயும் முடியாது. அளவும் ஆழமும் நேஷனல் சென்டர் ஃபார் சீஸ்மாலஜி (மத்திய அரசோட நிலநடுக்க மையம்) சைட்லயே வந்துடும், அத பாருங்க. யாருக்காவது அடிபட்டிருந்தா 112.

அப்புறம் அந்த வாரமே ட்ரில்லர் ஆள கூப்பிட்டு பீரோவ சுவத்தோட கிளாம்ப் போட்டு மாட்டிடுங்க, தலைமாட்டுக்கு மேல இருக்கற பரண்லேர்ந்து கிரைண்டர் கல்லு, பித்தள பாத்திரத்தயெல்லாம் எறக்கி கீழ வச்சுடுங்க.