எண்களும் சூத்திரமும் சரி, விடை மட்டும் ஏன் பிழைக்கிறது?

வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு. யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மளமளவென்று சொல்லும். அப்படியிருந்தும் விடை பிழைக்கிறது. போடுகிற எண்கள் ஒரே பொருளுக்கும் ஒரே நேரத்துக்கும் உரியவையா என்று பார்க்காமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

அதற்கு முன் அலகு. 6 வோல்ற்று, 20 மில்லி அம்பியர் என்றால் 6ஐ 20ஆல் வகுத்து 0.3 ஓம் என்று எழுதிவிடுவார்கள். 20 மில்லி அம்பியர் 0.02 அம்பியர், எனவே தடை 300 ஓம், வலு 0.12 உவாற்று.

12 வோல்ற்றுப் பற்றறியில் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றைத் தடையியோடு தொடராக இணைத்து, 0.02 அம்பியர் விடவேண்டும்; தடையி எத்தனை ஓம்? 12ஐ 0.02ஆல் வகுத்து 600 ஓம் என்றால் பிழை. எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். தடையியின் குறுக்கே மிஞ்சுவது 10 வோல்ற்று, ஆகவே 500 ஓம். தடையியில் வெப்பமாகும் வலு 0.2 உவாற்று. கால் உவாற்றுத் தடையி தாங்கும், ஆனால் நன்றாகச் சுடும். அரை உவாற்று வாங்குங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் கேத்தல் கணக்கு. 230 வோல்ற்றில் 2000 உவாற்று என்று அடியில் எழுதியிருக்கும். மின்னோட்டம் 8.7 அம்பியர், தடை ஏறத்தாழ 26.5 ஓம். பின்னேரம் எல்லா வீட்டிலும் மின்சாரம் எடுக்க, வயரின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு 200 வோல்ற்றுத்தான் வருகிறது என்று வைப்போம். உடனே 200ஐ 8.7ஆல் பெருக்கி 1740 உவாற்று என்பார்கள். அந்த 8.7 அம்பியர் 230 வோல்ற்றுக்கு உரியது! அதிகம் மாறாமல் இருப்பது சூடாக்கும் கம்பியின் தடை. வோல்ற்றளவு இறங்க மின்னோட்டமும் 7.6 அம்பியருக்கு இறங்கும். வலு ஏறத்தாழ 1510 உவாற்றுத்தான். வோல்ற்றளவு 13 வீதம் குறைய வலு 24 வீதம் குறைகிறது. தேத்தண்ணிக்குக் கொதிக்க மூன்றில் ஒரு பங்கு நேரம் கூட எடுக்கும்.

இழை மின்குமிழில் தடையே மாறும். 60 உவாற்றுக் குமிழைக் கழற்றிப் பல்மானியால் (மல்ரிமீற்றரால்) அளந்தால், எரியும்போது இருக்கிற 880 ஓமில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. அந்தக் குளிர்ந்த தடையை 230 வோல்ற்றோடு சேர்த்து வலுக் கண்டால் அறுநூறு உவாற்றுக்கும் மேலே போய்விடும். இன்னொன்று, எந்தப் பொருளின் தடையை அளந்தாலும் மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பிறகே அளக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 230 வோல்ற்றில் 6 அம்பியர் எடுத்தால் பெருக்கம் 1380. ஆடலோட்ட (ஏ.சி.) மோட்டரில் வோல்ற்றளவும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை; ஆகவே வலுக் காரணியாலும், அதாவது அந்தப் பெருக்கத்தில் உண்மையான வலுவாகும் பங்காலும், பெருக்கவேண்டும். அது 0.8 என்றால் உண்மையான வலு ஏறத்தாழ 1100 உவாற்று. 230ஐ 6ஆல் வகுத்து வரும் 38 ஓமும் சுருளின் தடையல்ல; சுருளை மட்டும் அளந்தால் அதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். தகட்டில் ஒரு குதிரைவலு என்று இருந்தால் அந்த 746 உவாற்று, அச்சில் கிடைக்கும் வலு. மின்கட்டணத்துக்குக் கணக்குப் பார்ப்பவர் மோட்டர் உள்ளே எடுக்கும் வலுவையே எடுக்கவேண்டும், அது எப்போதும் கூடுதலாக இருக்கும்.