125 விழுக்காட்டில் எழுத்து மங்குகிறதா? லினக்ஸ் திரையைச் சரிசெய்யும் வழி

14 அங்குல மடிக்கணினியில் 1920×1080 திரை என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 157 புள்ளிகள். திரை அளவீட்டை (ஸ்கேல்) 100 விழுக்காட்டில் வைத்தால் எழுத்து பொடியாகத் தெரியும். ன எது, ண எது என்று சுழியை எண்ண வேண்டியிருக்கும். 200 வைத்தாலோ ஒரு சன்னலைத் திறந்ததுமே திரை நிரம்பிவிடும். அதனால்தான் பலரும் 125க்குப் போகிறார்கள். உடனே சில செயலிகள் மட்டும் மங்கலாகின்றன.

எழுத்துருவையோ டிரைவரையோ மாற்றிப் பயனில்லை. சன்னல்களைத் திரையில் காட்டும் புதிய அமைப்பான வேலண்டுக்காக எழுதிய செயலி, திரையின் அளவீட்டைக் கேட்டு அதற்கேற்ப வரையும். 1987இல் வந்த பழைய அமைப்பான எக்ஸ்11க்காக எழுதியவை எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலத்தின் வழியாக ஓடுகின்றன. அவை 100இலேயே வரைந்து கொடுக்க, வேலண்ட் அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. இழுத்த படம் மங்கத்தானே செய்யும்?

முதலில் ஓடுவது வேலண்டுதானா என்று பாருங்கள். புதிய உபுண்டுவில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், சிஸ்டம் டீடெயில்ஸ் என்று போனால் 'விண்டோயிங் சிஸ்டம்' வரியில் இருக்கும். 22.04இல் அபவுட் பக்கத்திலேயே உண்டு.

அடுத்து, மங்கும் செயலி எந்த வகை? 'எக்ஸ்ஐஸ்' (xeyes) என்ற பழைய விளையாட்டுச் செயலியை, சுட்டியைப் பார்க்கும் இரண்டு கண்களை, திறந்து, சுட்டியை அந்தச் செயலியின் சன்னல்மேல் நகர்த்துங்கள். கண்கள் உருண்டால் அது எக்ஸ்11 செயலி. அசையாமல் நின்றால் வேலண்ட் செயலி. இதைவிட எளிய சோதனை இல்லை.

ஃபயர்ஃபாக்ஸ் 121 முதல் தானாகவே வேலண்டில் ஓடுகிறது. பழையது என்றால் புதுப்பித்தாலே போதும். பழைய குரோமில் 'ஃபிளாக்ஸ்' என்ற சோதனை அமைப்புகள் பக்கத்துக்குப் போய் 'ஓசோன்' என்று தேடி, 'பிரிஃபர்டு ஓசோன் பிளாட்ஃபார்ம்' என்பதை 'ஆட்டோ' ஆக்கி, குரோமை மூடித் திறங்கள்.

பிளாஸ்மா மேசைத்தளத்தில் (5.26 முதல்) திரை அமைப்புப் பக்கத்திலேயே 'லெகசி அப்ளிகேஷன்ஸ்' என்றொரு தேர்வு உண்டு. 'அப்ளை ஸ்கேலிங் தெம்செல்வ்ஸ்' என்று வைத்தால், பெரிதாக வரையத் தெரிந்த செயலிகள் கூர்மையாக வரும்; தெரியாதவை குட்டியாகவே நிற்கும். மங்கலைவிடக் குட்டி மேல்.

உபுண்டுவின் வழக்கமான மேசைத்தளமான குநோமில் எக்ஸ்11 செயலியை விடமுடியாதவர்கள் ஸ்கேலை 100க்கே திருப்பி, ஆக்சஸிபிலிட்டியில் 'லார்ஜ் டெக்ஸ்ட்'டை இயக்கலாம். எழுத்து மட்டும் 1.25 மடங்காகும், மங்காது. பொத்தான்களின் படங்கள் சிறிதாகவே இருக்கும். வேறு மடங்கு வேண்டுமானால் ட்வீக்ஸ் செயலியில் 'ஸ்கேலிங் ஃபேக்டர்'.

ஆனால் இந்த எழுத்துப் பெருக்கம் எல்லாத் திரையிலும் ஒரே அளவாகவே வரும். பக்கத்தில் 24 அங்குல 1080 திரையும் வைத்திருந்தால் அதில் எழுத்து தடிதடியாகத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வேலண்டில் மடிக்கணினிக்கு 125, வெளித்திரைக்கு 100 என்று தனித்தனியே வைப்பதே சரி. எக்ஸ்11க்குத் திரும்பச் சொல்லும் பழைய அறிவுரை இங்கே உதவாது: உபுண்டு 25.10இன் குநோமில் அந்தத் தேர்வே எடுக்கப்பட்டுவிட்டது.